கண் படாத பக்கம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்து கண் சொக்குகிற நேரத்தில் டி.வி.யில் 'தி பிளைண்ட் ஸைட்' ஓடிக்கொண்டிருந்தது. 2009-ல் வந்த படம். ஸாண்ட்ரா புல்லக்குக்கு ஆஸ்கர் வாங்கிக் கொடுத்தது. நீங்களும் எப்போதாவது பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் மெம்பிஸ் நகரத்தில், ராத்திரி படுக்க இடமில்லாத ஒரு கறுப்பினப் பையனை, வசதியான வெள்ளைக் குடும்பம் ஒன்று வீட்டுக்கு அழைத்து வந்து, சோறு போட்டு, படிக்க வைத்து, கால்பந்து வீரனாக்கிக் கல்லூரிக்கு அனுப்புகிற கதை. உண்மைக் கதை. எங்கள் வீட்டில் இரண்டு பேர் மூக்கைச் சிந்தினார்கள். முதல் தடவை பார்த்தபோது நானும் சிந்தியவன்தான், மறுக்கவில்லை.

இந்தத் தடவை கண் கலங்கவில்லை. எரிச்சல்தான் வந்தது. அந்தப் பையன் பெயர் எடுத்தது ஒரு தொழிலில். இரண்டு மணி நேரப் படத்தில் அந்தத் தொழிலை இரண்டு நிமிஷம்கூட மதித்துக் காட்டவில்லை. அது என்ன தொழில் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், ஆட்டம் புரிந்தால்தான் என் புகார் புரியும்.

அமெரிக்கக் கால்பந்தில் காலுக்கு வேலை குறைவு. முட்டை வடிவப் பந்தை வைத்துக்கொண்டு ஓடலாம், அல்லது எறியலாம். எறிகிறவன் குவாட்டர்பேக். அவன்தான் ஹீரோ. பந்து கைக்கு வந்ததும், தூரத்தில் ஓடுகிற தன் ஆட்களில் யார் காலியாக இருக்கிறான் என்று தேடி எறிய வேண்டும். அதற்கு இரண்டரை, மூன்று விநாடி ஆகும். அதற்குள் எதிர் அணியில் நாலு பேர், சமயத்தில் ஆறு பேர், அவனை அமுக்கிப் போடப் பாய்ந்து வருவார்கள். எறிவதற்கு முன்னால் அமுக்கிவிட்டால் 'ஸாக்'. அமுக்க முடியாமல், பக்கத்தில் வந்து பதறவைத்து அவசரமாக எறிய வைத்தால் 'பிரஷர்'. டாக்டர் பட்டை கட்டிப் பார்க்கிற பிரஷர் இல்லை. ஆனால் அதுவும் கூடவே ஏறும்.

இந்தப் பாய்ச்சலை மறிக்க முன்வரிசையில் ஐந்து பேர். நடுவில் சென்டர், அவனுக்கு இரண்டு பக்கமும் கார்டு, இரண்டு ஓரத்திலும் டேக்கிள். ஒவ்வொருவரும் 140 கிலோ சுமார் இருப்பார்கள். சென்டர் பந்தைக் கால் இடுக்கு வழியாகப் பின்னால் கொடுப்பதோடு சரி; மற்ற நாலு பேரும் பெரும்பாலும் பந்தைத் தொடாமலே வீட்டுக்குப் போவார்கள். வலது கையால் எறிகிறவன் எறியத் திரும்பும்போது அவன் முதுகு இடது பக்கம் இருக்கும். அங்கிருந்து வருகிறவனை அவனால் பார்க்க முடியாது. அதுதான் பிளைண்ட் ஸைட், கண் படாத பக்கம். அந்த ஓரத்தைக் காப்பவன் லெஃப்ட் டேக்கிள். நம் கதாநாயகன் மைக்கேல் ஓஹருக்கு அந்த வேலைதான். (பெயரை 'ஓர்' என்றுதான் உச்சரிக்க வேண்டுமாம். தமிழில் அப்படி எழுதினால் ஒவ்வொரு வாக்கியமும் குழம்பும் என்பதால் ஓஹர் என்றே எழுதுகிறேன், மன்னிக்கவும்.)

படத்துக்கு மூலம் மைக்கேல் லூயிஸ் 2006-ல் எழுதிய புத்தகம். லூயிஸ் கில்லாடி. 'மனிபால்' எழுதியவர். இந்தப் புத்தகத்தில் இரண்டு சரடு. ஒன்று ஓஹரின் வாழ்க்கை. இன்னொன்று, யாரும் கவனிக்காத ஓர் ஓரத்துத் தடுப்பாளி எப்படி என்.எஃப்.எல். தொழில்முறை ஆட்டத்தில் குவாட்டர்பேக்குக்கு அடுத்தபடியாகச் சம்பளம் வாங்குகிறவனாக மாறினான் என்கிற சரித்திரம். 1985 நவம்பர் 18-ம் தேதி, நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் லாரன்ஸ் டெய்லர் பாய்ந்து அமுக்கியதில் வாஷிங்டன் குவாட்டர்பேக் ஜோ தைஸ்மனின் கால் எலும்பு முறிந்தது. தைஸ்மன் அப்புறம் ஆடவே இல்லை. படமும் அந்தக் காட்சியில்தான் ஆரம்பிக்கிறது.

எனக்குப் புத்தகத்தில் பிடித்த இடம் அதுவல்ல. 1982 ஜனவரியில் நடந்த ஓர் ஆட்டம். அதே டெய்லரை என்ன செய்வது என்று சான் பிரான்சிஸ்கோ அணியின் கோச் பில் வால்ஷ் மண்டையை உடைத்துக்கொள்கிறார். கடைசியில் ஜான் அயர்ஸ் என்கிற, ஊர் பேர் தெரியாத ஒரு கார்டிடம் அந்தப் பொறுப்பைக் கொடுக்கிறார். அயர்ஸ் அபார பலசாலி இல்லை. காலை ஊன்றத் தெரிந்தவர், அவசரப்படாதவர். டெய்லர் வந்து மோதினால் அங்கே அயர்ஸ் நின்றுகொண்டிருந்தார், அவ்வளவுதான். சான் பிரான்சிஸ்கோ ஜெயித்தது. தடுப்பது கற்றுக்கொள்ள வேண்டிய கைவேலை, கோச் யோசித்துப் போடுகிற கணக்கு என்பது லூயிஸுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அப்படித் தெரிந்தவர் எழுதிய புத்தகத்தை ஹாலிவுட் என்ன செய்தது பாருங்கள். படத்தில் ஓஹருக்கு ஆட்டம் தெரியாது. மரம் மாதிரி நிற்கிறான். வீட்டுச் சின்னப் பையன் சமையலறையில் சாஸ் பாட்டில்களை அடுக்கி, இவன் இங்கே நிற்பான், அவன் அங்கே ஓடுவான் என்று பாடம் எடுக்கிறான். அப்புறம் ஸாண்ட்ரா புல்லக் ஹைஹீல்ஸோடு பயிற்சி மைதானத்துக்குள் நடந்து வந்து, கோச்சை ஓரம் கட்டிவிட்டு, 'இந்தக் குவாட்டர்பேக்கை நான் என்று நினைத்துக்கொள், இவர்களை உன் குடும்பமாக நினைத்துக் காப்பாற்று' என்கிற பொருளில் நாலு வார்த்தை சொல்கிறார். அடுத்த நிமிஷம் பையன் புலி. போதாததற்குப் பள்ளிக்கூடப் பரீட்சையில் மற்ற எல்லாவற்றிலும் பாதாளம், 'காப்பாற்றும் உள்ளுணர்வு' ஒன்றில் மட்டும் 98-வது பெர்சென்டைல் என்று ஒரு வசனம்.

தடுப்பாட்டம் பாசத்தில் வருவதில்லை, சார். உள்ளுணர்விலும் வருவதில்லை. சொல்லப்போனால் உள்ளுணர்வு அதற்கு நேர் எதிரி. ஒருவன் உங்கள் மேல் பாய்ந்து வந்தால் இயல்பாக என்ன செய்வீர்கள்? முன்னால் போய் மோதுவீர்கள். டேக்கிள் அதைச் செய்தால் தொலைந்தான். எதிரில் வருகிறவன் அவனைவிட 20, 25 கிலோ குறைவு. அந்த அளவுக்கு வேகம் அதிகம். மோதப் போனால் வழுக்கிக்கொண்டு போய்விடுவான். அதனால் டேக்கிள் பின்னால் நகர வேண்டும். 140 கிலோவைச் சுமந்துகொண்டு, முழங்கால் மடக்கி, முதுகு நிமிர்த்தி, வெளிக்காலைப் பின்னால் சறுக்கி, உள்காலை இழுத்து, காலோடு கால் பின்னாமல், முன்னோக்கி ஓடி வருகிறவனுக்கு ஈடாகப் பின்னோக்கி! கொஞ்சம் அதிகமாக வெளியே நகர்ந்தால் உள்பக்கமாக வெட்டுவான். கொஞ்சம் குறைவாக நகர்ந்தால் வெளிப்பக்கமாகச் சுற்றுவான். கை எப்போது நீட்டுவது என்பது இன்னொரு வித்தை. முந்தினால் தட்டிவிட்டுப் போவான். பிந்தினால் அவன் கை உங்கள் மார்பில். சட்டையை வெளிப்பக்கமாகப் பிடித்து இழுத்தால் 'ஹோல்டிங்', பத்து கெஜம் அபராதம். வீட்டு ஹாலில், நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு ஐந்து அடி இப்படி நகர்ந்து பாருங்கள். நான் பார்த்தேன். மறுநாள் மாடிப்படி ஏற முடியவில்லை.

இதுவும் பாதிதான். மீதி பாதி கழுத்துக்கு மேலே. எதிர் அணியில் யார் பாய்வான், யார் பாய்வதுபோல் பாசாங்கு செய்து பின்வாங்குவான் என்பதைப் பந்து நகர்வதற்கு முன்னாலேயே ஐந்து பேரும் ஒரே மாதிரி ஊகிக்க வேண்டும். இரண்டு பேர் குறுக்கே பாய்ந்து இடம் மாற்றிக்கொள்வார்கள். அப்போது கார்டும் டேக்கிளும் ஆளை மாற்றிக் கைகொடுத்துக்கொள்ள வேண்டும். ஒருவன் மாற்றி, இன்னொருவன் மாற்றாவிட்டால் நடுவில் ஒரு கதவு திறக்கும். கல்லூரி ஆட்டத்தில் இதையெல்லாம் கூச்சலுக்கு நடுவே செய்ய வேண்டும். மிச்சிகன் பல்கலைக்கழக ஸ்டேடியத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். வெளியூர் அணியிடம் பந்து இருக்கும்போது அத்தனை பேரும் வேண்டுமென்றே கத்துவார்கள். பக்கத்தில் நிற்பவன் சொல்வது காதில் விழாது. சென்டரைக் கார்டு கையால் தட்டி, அந்தத் தட்டிலிருந்து எண்ணி, பந்தைக் கொடுக்கிற நேரத்தைக் கணக்கிடுவார்கள். செய்கிறவர்கள் 18-லிருந்து 22 வயதுப் பிள்ளைகள். சட்டப்படி வாரத்துக்கு 20 மணி நேரம்தான் கட்டாயப் பயிற்சி.

கல்லூரி கோச்சுகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. இருக்கிற நேரத்தில் இதையெல்லாம் சொல்லிக் கொடுத்து முடியாது என்று தெரிந்து குறுக்கு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். ஓட்டமா, எறிதலா என்பதைப் பந்து கைக்கு வந்த பிறகு முடிவு செய்கிற வகையில் ஆட்டம் அமைத்தார்கள். எறிவதாக இருந்தாலும் முன்வரிசை ஆள் மூன்று கெஜம் வரை முன்னால் போகலாம் என்கிறது கல்லூரி விதி. என்.எஃப்.எல்.லில் ஒரே கெஜம்தான். அதனால் கல்லூரியில் பல நேரம் தடுப்பாளி பின்னால் நகரவே வேண்டாம்; முன்னால் மோதினால் போதும், பந்து அதற்குள் பறந்துவிடும். இப்படி நாலு வருஷம் ஆடிவிட்டுத் தொழில்முறை ஆட்டத்துக்குப் போகிறவனுக்குப் பின்னால் நகர்வதே அரிச்சுவடியிலிருந்து.

ஓஹர் அந்த அரிச்சுவடியைக் கல்லூரியில் படித்தவர். மிசிசிபி பல்கலைக்கழகத்தில், செல்லமாக 'ஓல் மிஸ்', 2005-ல் முதல் வருஷம் வலது கார்டாக நின்றார். அடுத்த வருஷம் லெஃப்ட் டேக்கிள். நடுவில் கோச் மாறினார். 2008-ல் அகில அமெரிக்க அணியில் இடம். அந்த வருஷம் ஓல் மிஸ் ஃப்ளோரிடாவின் சொந்த மைதானத்துக்கே போய் 31-30 என்று ஜெயித்தது. ஃப்ளோரிடா அந்த வருஷம் தோற்ற ஒரே ஆட்டம். தேசிய சாம்பியனும் அவர்கள்தான். ஓஹர் பட்டமும் வாங்கினார். 2009-ல் பால்டிமோர் ரேவன்ஸ் அவரை முதல் சுற்றில், 23-வது ஆளாக எடுத்தது. ஒரு விளையாட்டுப் படத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? படத்தில் இந்த நாலு வருஷத்துக்கு இடமே இல்லை. கல்லூரி வாசலில் இறக்கிவிட்டு அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்கிறார், தாவி, டிராஃப்ட் நாளின் நிஜக் காட்சி, சுபம். அவன் உழைத்த இடம் வெட்டப்பட்டு, அவனுக்குக் கொடுக்கப்பட்ட இடம் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இதை நான் சொல்வது பெரிசில்லை. ஓஹரே 2011-ல் தன் புத்தகத்தில் வருத்தப்பட்டு எழுதினார். தன்னை மந்தபுத்திக்காரனாகக் காட்டிவிட்டார்கள், தான் சின்ன வயதிலிருந்தே ஆட்டத்தைக் கூர்ந்து பார்த்துப் படித்தவன் என்று. படம் உலகம் முழுக்க 30 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. புத்தகத்தை எத்தனை பேர் படித்திருப்பார்கள்?

லூயிஸிடமும் எனக்கு ஒரு புகார் உண்டு. ஓஹரை வளர்த்த ஷான் டூயியும் லூயிஸும் நியூ ஆர்லியன்ஸில் ஒரே பள்ளி, ஒரே வகுப்பு. கதை கிடைத்ததே அந்த வழியில். தவறில்லை. ஆனால் புத்தகத்தில் வீட்டுக்காரர்களின் குரல் நன்றாகக் கேட்கிறது. ஓஹரின் குரல் அந்த அளவுக்குக் கேட்பதில்லை. அவர் அதிகம் பேசாத பையன் என்கிறார் லூயிஸ். எனக்கென்னவோ, ஐந்து பேரோடு சேர்ந்து ஆடும் கைவேலைக்காரன் வேலையைப் பற்றிக் கேட்டிருந்தால் பேசியிருப்பான் என்று படுகிறது.

அந்தப் பேசாத பையன் 2023 ஆகஸ்டில் டென்னஸியில் கோர்ட்டுக்குப் போனார். தத்துப்பிள்ளை என்றே உலகம் நம்பிக்கொண்டிருந்தது. தத்தெடுக்கவில்லை, 2004-ல் தனக்கு 18 வயதானபோது 'கன்சர்வேட்டர்ஷிப்' என்கிற ஏற்பாட்டில் கையெழுத்து வாங்கினார்கள் என்றார். ஒருவரால் தன் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்ள முடியாதபோது கோர்ட் அவருக்குப் பாதுகாவலர் போடுகிற ஏற்பாடு அது. அதை வைத்துத் தன் கதையை விற்றார்கள் என்பது அவர் வாதம். டூயி குடும்பம் அதை மறுத்தது. பாசமாக வளர்த்தோம், அவரை வைத்துச் சம்பாதிக்கவில்லை என்றது. பணக் கணக்கில் யார் பக்கம் நியாயம் என்று சென்னையில் உட்கார்ந்துகொண்டு நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வருஷம் செப்டம்பரில் நீதிபதி ஏற்பாட்டை ரத்து செய்தார். எந்த ஊனமும் இல்லாத ஒருவருக்கு இப்படி ஒன்று போட்டதைத் தன் அனுபவத்தில் பார்த்ததில்லை என்றும் சொன்னார். நான் படத்தை அன்றைக்கே மறுபடி ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். சாஸ் பாட்டில் காட்சியில் எல்லாம் இருக்கிறது. ஒன்றும் தெரியாதவன், சொல்லிக் கொடுத்தால்தான் நடப்பான் என்று ஒரு வாலிபனைப் பற்றி நம்பவைத்துவிட்டார்கள். கோர்ட்டுக்கும் அதே நம்பிக்கைதானே தேவைப்பட்டது?

ஆட்டத்துக்கு வருவோம். 'கண் படாத பக்கம்தான் எல்லாம்' என்கிற புத்தகத்தின் தத்துவத்துக்கும் வயதாகிவிட்டது. அலபாமா பல்கலைக்கழகத்தின் டூவா டாங்கோவைலோவா இடது கைக்காரர். அவர் முதுகு வலது பக்கம். 2018, 2019-ல் அவரைக் காத்தது வலது ஓரத்தில் நின்ற ஜெட்ரிக் வில்ஸ். பக்கம் மாறினால் தத்துவமும் பக்கம் மாறுகிறது. எதிர் அணிகளும் முட்டாள்கள் இல்லை. இடது ஓரத்தில் நல்ல ஆளைப் போட்டால் தங்கள் புலியை வலது ஓரத்துக்கு மாற்றுகிறார்கள். 2016 பிப்ரவரியில் 50-வது சூப்பர் பௌல். கரோலைனாவின் லெஃப்ட் டேக்கிள் நம் ஓஹர். டென்வரின் வான் மில்லர் இரண்டு தடவை கரோலைனா குவாட்டர்பேக் கேம் நியூட்டனின் கையிலிருந்து பந்தைப் பிடுங்கினார். இரண்டு தடவையும் வந்த வழி வலது பக்கம். கண் படும் பக்கம்! பார்த்துக்கொண்டிருக்கும்போதே வந்து பிடுங்கினார். கரோலைனா தோற்றது.

தப்பு சில சமயம் குவாட்டர்பேக் மேலேயே இருக்கும். 2018 ஜனவரி 8, கல்லூரி சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம். அலபாமா, ஜார்ஜியா. சமநிலையில் முடிந்து கூடுதல் ஆட்டம். ஜார்ஜியா மூன்று புள்ளி முன்னே. முதல் வருஷப் பையனான டூவா பந்தை வாங்கினார். எறியாமல், வெளியேயும் தள்ளாமல், பின்னாலேயே ஓடினார். அமுக்கினார்கள். 16 கெஜம் நஷ்டம். முன்வரிசை என்ன செய்யும்? மூன்று விநாடிக்குத்தான் அவர்கள் உத்தரவாதம். அடுத்த பந்தில் முன்வரிசை நின்று பிடித்தது. டூவா நிதானமாக ஒரு பக்கம் பார்த்துவிட்டு மறு பக்கம் 41 கெஜம் எறிந்தார். டெவான்டா ஸ்மித் பிடித்தார். 26-23, கோப்பை. ரீப்ளேயில் எறிந்தவனையும் பிடித்தவனையும் ஆயிரம் தடவை காட்டியிருப்பார்கள். அந்த ஐந்து பேர் ஓரத்தில் மங்கலாகத் தெரிவார்கள்.

அந்த 16 கெஜ நஷ்டத்தை எந்தக் கணக்கில் எழுதினார்கள் தெரியுமா? கல்லூரி ஆட்டத்தை நடத்துகிற என்.சி.ஏ.ஏ. வழக்கப்படி, ஸாக் நஷ்டம் குவாட்டர்பேக்கின் ஓட்டக் கணக்கில் கழியும். அவன் ஏதோ ஓடப் போய்த் தடுக்கி விழுந்த மாதிரி. என்.எஃப்.எல்.லில் அப்படியில்லை, அணியின் எறிதல் கணக்கில் கழிப்பார்கள். அமுக்குகிறவனுக்காவது பெயர் உண்டு. 2002-ல் அரிசோனா ஸ்டேட்டின் டெரல் சக்ஸ் 24 ஸாக் எடுத்தது அதிகாரபூர்வ சாதனை. 1988-ல் அலபாமாவின் டெரிக் தாமஸ் 27 எடுத்தார், ஆனால் என்.சி.ஏ.ஏ. தடுப்பாட்டக்காரர்களின் தனிக்கணக்கை 2000-லிருந்துதான் எழுத ஆரம்பித்ததால் அந்த 27 நோட்டில் இல்லை. பாவம்தான். முன்வரிசைக்காரனுக்கோ நோட்டே கிடையாது. அவன் நாள் முழுக்க ஒருவனை அண்டவிடாமல் வைத்தால் எந்தப் பத்தியிலும் எந்த எண்ணும் ஏறாது. சறுக்கினால் மட்டும் அறிவிப்பாளர் பெயர் சொல்லுவார். கல்லூரி ஆட்டத்தின் பெரிய பரிசு ஹெய்ஸ்மன் டிராஃபி 1935-லிருந்து கொடுக்கிறார்கள். முன்வரிசைத் தடுப்பாளிக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை. 1973-ல் ஒஹாயோ ஸ்டேட்டின் ஜான் ஹிக்ஸ் இரண்டாவதாக வந்தார், அதோடு சரி. ஐந்து பேருக்கும் சேர்த்து, நாட்டிலேயே சிறந்த முன்வரிசை என்று ஜோ மூர் பெயரில் ஒரு விருது வைக்கவே 2015 ஆயிற்று.

2019-ல் அந்த விருதை வாங்கியது லூயிசியானா ஸ்டேட். கோச், ஓல் மிஸ்ஸில் ஓஹரின் முதல் கோச்சாக இருந்த அதே எட் ஓர்ஜரான். (படத்திலும் தன் வேஷத்தில் தானே வருவார்.) குவாட்டர்பேக் ஜோ பரோ அந்த வருஷம் 60 டச்டவுன் எறிந்தார், ஹெய்ஸ்மன் வாங்கினார், அணி 15 ஆட்டமும் ஜெயித்தது. பல தடவை பரோவுக்குத் துணையாகப் பின்னால் ஒருவரையும் வைக்காமல், ஐந்து பேரை எறிதல் வாங்க அனுப்பிவிட்டு, அந்த ஐந்து தடுப்பாளிகளை மட்டும் நம்பினார்கள். அதே பரோ 2021-ல் சின்சினாட்டிக்கு ஆடும்போது லீக் ஆட்டங்களில் மட்டும் 51 தடவை அமுக்கப்பட்டார். கை அதேதான்; முன்னால் நின்றவர்கள் வேறு.

புத்தகம் கிடைத்தால் படியுங்கள். ஜான் அயர்ஸ் வருகிற அத்தியாயத்துக்காகவே படிக்கலாம். படம் ஒரு தடவைக்குத் தாங்கும், கைக்குட்டையோடு. அதைவிட நல்ல யோசனை, சனிக்கிழமை ராத்திரி எப்போதாவது கல்லூரி ஆட்டம் கண்ணில் பட்டால் நிறுத்திப் பாருங்கள். முன்வரிசைக்காரர்கள் 50-லிருந்து 79-க்குள்தான் எண் போட்டிருப்பார்கள், ஓஹருக்கு 74. பந்து நகர்ந்ததும் அதன் பின்னால் கண்ணைவிடாமல், ஓரத்தில் நிற்கிற அந்த ஆளின் காலை மட்டும் பாருங்கள். மூன்று விநாடிதான்.